பட்டாளத்திலிருந்து வீட்டுக்கு: ஒழுங்கா, பொறுமையா, துணிவா, பணிவா?

வேலூரிலிருந்து கணியம்பாடிப் பக்கம் போனால் பட்டாளத்து வீடு இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. இந்த ஊர்களுக்கெல்லாம் ஆண்டுதோறும் சிலர் பெட்டி படுக்கையோடு நிரந்தரமாகத் திரும்பி வருகிறார்கள். 2022க்கு முன் சிப்பாயாகச் சேர்ந்தவருக்கு 15 ஆண்டு சேவை முடிந்தாலே ஓய்வூதிய உரிமை வந்துவிடும். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு போனவர், நாற்பதைத் தொடும் முன்பே 'முன்னாள் ராணுவத்தினர்' ஆகிவிடுகிறார். அறுபது வயதில் ஓய்வு பெறும் அரசு ஊழியர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். இவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பிள்ளைகள் இன்னும் பள்ளியைத் தாண்டவில்லை. வாழ்க்கையில் பாதி பாக்கி இருக்கிறது.

வந்தவருக்கு அறிவுரைக்குப் பஞ்சமில்லை. பெரியவர்கள் பொறுமையாக இரு என்கிறார்கள். மச்சான்கள் துணிந்து இறங்குங்கள் என்கிறார்கள். உடன் பணியாற்றியவர்கள் ஒழுங்கை மட்டும் விட்டுவிடாதே என்கிறார்கள். பணிவை வளர்த்துக்கொள் என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. மீசை வைத்த ஹவில்தாரிடம் அதை எப்படிச் சொல்வது? நான்கையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால் என் ஓட்டு யாரும் சொல்லாத அந்த நான்காவதற்குத்தான். மற்ற மூன்றும் வேண்டாம் என்பதில்லை. அவை பயன்படும் இடம் நாம் நினைக்கும் இடமாக இருப்பதில்லை, அவ்வளவுதான்.

ஒழுங்கை எடுத்துக்கொள்வோம். இது அவர் கையோடு கொண்டுவரும் சொத்து. விடியுமுன் எழுவது, ஓடுவது, சவரம், மடித்த போர்வை. உடம்பைக் காக்கவும், ராணுவ கேன்டீன் மது பாட்டிலோடு மாலைகள் கரைந்துபோகாமல் இருக்கவும் இதைவிட நல்ல காவல் இல்லை. ஆனால் அதே ஒழுங்கு சமையலறைக்குள் நுழையும்போது சண்டை தொடங்குகிறது. 15 ஆண்டு அந்த வீட்டை நடத்தியவர் மனைவி. சீட்டுக் கட்டியதும், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதும், மாமியாரை சி.எம்.சி. மருத்துவமனைக்கு அழைத்துப்போய் வரிசையில் நின்றதும் அவர்தான். மளிகை டப்பாக்களை உயரவாரியாக அணிவகுத்து நிறுத்தும் கணவரைப் பார்த்து, "உங்களுக்கு லீவு எப்போது முடிகிறது?" என்று ஒரு மனைவி கேட்டதாக எங்கள் பக்கம் ஒரு வேடிக்கைக் கதை உலவுகிறது. அது முழுக்க வேடிக்கை இல்லை. ஒழுங்கு தன் உடம்போடும் தன் நேரத்தோடும் நின்றால் நல்லது.

பொறுமையின் கதை வேறு. முன்னாள் ராணுவத்தினருக்கான ஒதுக்கீட்டில் அரசு வேலை வரும், தேர்வு எழுதியாயிற்று, முடிவு வரட்டும் என்று காத்திருப்பதை ஊர் பொறுமை என்று பாராட்டுகிறது. அப்படியே இரண்டு மூன்று ஆண்டுகள் டீக்கடை பெஞ்சில் போய்விடும். அதற்குப் பொறுமை என்று பெயர் சொல்வதை நான் ஒப்பமாட்டேன். உண்மையான பொறுமை தேவைப்படுவது பண விஷயத்தில். ஓய்வு பெறும்போது ஓய்வூதியத்தில் பாதி வரை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். விட்டுக்கொடுத்த அந்தப் பங்கு மாதத் தொகையோடு மீண்டும் சேர 15 ஆண்டுகள் ஆகும். 37 வயதில் ஓய்வு பெற்றவருக்கு அது 52 வயது. இடையில் மகள் கல்லூரிக்குப் போவாள், கல்யாணமும் வந்துவிடும். பணிக்கொடையும் இந்தத் தொகையும் ஒரே நேரத்தில் கணக்கில் விழும்போது, ஓராண்டுக்கு அதைத் தொடாமல் வங்கி வைப்பில் போட்டு வைப்பவர்தான் என் கணக்கில் பொறுமைசாலி.

துணிந்து இறங்கச் சொல்கிறவர்களுக்கும் அந்தத் தொகைதான் கண்ணில் படுகிறது. மாதந்தோறும் கொழுத்த வட்டி தருவதாகச் சொன்ன நிதி நிறுவனங்கள் 2022இல் சரிந்தபோது காட்பாடி, ஆற்காடு பக்கம் நகையை அடகு வைத்துப் பணம் போட்டவர்கள் எல்லாம் தெருவில் நின்றார்கள். மொத்தப் பணம் கையிலும் உலக அனுபவம் எல்லைப்புறத்திலும் இருக்கிற ஒருவருக்கு அதைவிடப் பொருத்தமான கண்ணி கிடையாது. துணிவு அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. பனியில் காவல் நின்றவரிடம் போய் அதைக் கற்றுக்கொடுக்க வேண்டாம். அவருக்குப் புதிதாகத் தேவைப்படுவது வேறொரு துணிவு. கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்தபடி, "ஒரு இரண்டு லட்சம் புரட்டிக் கொடுங்கள் மாமா, ஆறு மாதத்தில் திருப்பிவிடுகிறேன்" என்று கேட்கும் மச்சானிடம் முகம் பார்த்து இல்லை என்று சொல்வது. துப்பாக்கிக்கு அஞ்சாதவர்கள் இங்கே தோற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பணிவுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு முன்னாள் ஹவில்தார், குடும்ப நிலத்தில் அரை ஏக்கர் முள்ளுக் கத்திரி போட்டார். புவிசார் குறியீடு பெற்ற வேலூர் ரகம். காம்பில் முள் இருக்கும், எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு அதற்கு ஈடு கிடையாது. செடி நன்றாக எழுந்த நேரத்தில் அங்கங்கே நுனி மட்டும் தலை சாய்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று முடிவு செய்து இரண்டு நாள் கூடுதலாக மோட்டார் ஓட்டினார். களை எடுக்க வந்த அக்கா ஒருவர் சாய்ந்த நுனியைக் கிள்ளி, தண்டை நகத்தால் பிளந்து அவர் முன் நீட்டினார். உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு நெளிந்தது. "இது தண்ணீர்க் குறை இல்லை, தம்பி. வாடிய நுனியை எல்லாம் கிள்ளி எடுத்து எரித்துவிடுங்கள். விட்டால் காய்க்குள் போய்விடும்."

பட்டாளத்தில் முப்பது நாற்பது பேருக்கு உத்தரவு போட்டவர். அன்று அவர் செய்ததை நான் பெரிதாக நினைக்கிறேன்: சாக்குப் பையை எடுத்துக்கொண்டு அந்த அக்காவின் பின்னாலேயே வரிசை வரிசையாக நடந்தார், எது வாடல் எது வெயில் சோர்வு என்று கேட்டுக்கொண்டே. ஒழுங்கு மட்டும் இருந்திருந்தால் தவறாமல் தினமும் தண்ணீர் பாய்ச்சியிருப்பார். பொறுமை மட்டும் இருந்திருந்தால் தானாகத் தேறும் என்று காத்திருப்பார். துணிவு மட்டும் இருந்திருந்தால் கடைக்காரர் சொன்ன மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்திருப்பார். மூன்றுமே நல்ல குணங்கள், மூன்றிலும் காய் சொத்தையாகியிருக்கும்.

புது இடத்தில் கால் வைப்பவருக்கு முதலில் பணிவு வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றை ஆண்டுதோறும் இணையத்தில் பதிவதை மகளிடம் கேட்டுக் கற்பதும் இதில் சேர்த்திதான். ஆனால் பணிவுக்கும் ஓர் எல்லை உண்டு. காவலாளி வேலையில் சேர்ந்த இடத்தில், பாதி வயதுப் பையன் நாற்காலியைத் துடைக்கச் சொன்னால் துடைத்துக்கொண்டிருப்பதைப் பணிவு என்று நான் சொல்லமாட்டேன். அந்த இடத்துக்குத் தேவை, மேலே சொன்ன துணிவு.

மனைவிக்கும் இது ஒரு மாற்றம்தான். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நேற்றுவரை எல்லாவற்றையும் தனியாக முடிவு செய்தவரிடம், அவர்தான் வந்துவிட்டாரே, அவரைக் கேட்டுச் சொல் என்று ஊரே சொல்லத் தொடங்குகிறது. அவருக்குப் போய்ப் பணிவையும் பொறுமையையும் உபதேசிப்பது அநியாயம். அவை இரண்டிலும் அவர் 15 ஆண்டு சேவை முடித்துவிட்டார். அவர் பிடித்துக்கொள்ள வேண்டியது உறுதியை. ஓய்வூதியக் கணக்கை மனைவியோடு கூட்டுக் கணக்காக வைத்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. அதைக் கணவர் வந்த முதல் மாதத்திலேயே செய்துவிடச் சொல்லி, வங்கிக்குத் தானும் கூடவே போய்க் கையெழுத்துப் போட்டு வரட்டும்.