ஊசி இலவசம், போய்வர சார்ஜ் யாரு குடுக்கறது? வவுச்சர், வேன், டாக்ஸி ஒரு அலசல்

2021 மே 17லேர்ந்து சவுத் ஆப்பிரிக்கால அறுபது தாண்டினவங்களுக்கு கோவிட் ஊசி ஆரம்பிச்சாங்க. ஊசிக்குக் காசு இல்ல. ஆனா டர்பன் பக்கத்துல சாட்ஸ்வொர்த்ல இருக்கற எங்க ஆயா பயந்தது ஊசிக்கு இல்ல, அங்க போய்ச் சேர்றதுக்குத்தான். அப்ப முதியோர் பென்ஷன் மாசம் 1,890 ராண்ட். ஃபைசர்னா 42 நாள் விட்டு ரெண்டு தடவ போகணும், நடுவுல ஒரு டாக்ஸி (இங்க டாக்ஸின்னா பல பேர் சேர்ந்து போற மினிபஸ்) மாறணும்னா போய்வர நாலு சார்ஜ், துணைக்கு ஒருத்தர் போனா எட்டு, ரெண்டு ஊசிக்குப் பதினாறு! ஜான்சன் ஊசின்னா ஒரே தடவ, அதாவது பாதிச் செலவு. எந்த ஊசி எந்த ஏரியாவுக்குப் போகுதுங்கறதே டாக்ஸி சார்ஜ் கணக்குதான்னு எனக்கு அப்பதான் உறைச்சுது.

அரசாங்கம் பணம் போடறதுன்னா எதுல போடணும்? முதல்ல வவுச்சர். 2021 நவம்பர்ல அறுபது தாண்டினவங்க முதல் ஊசி போட்டா ஷாப்ரைட் சூப்பர்மார்க்கெட்ல பொருள் வாங்க 100 ராண்ட் வவுச்சர்னு கொண்டுவந்தாங்க. ஆசை காட்ட நல்ல ஐடியா, நான் குறை சொல்லல. ஆனா அது ஊசி போட்டப்பறம் வர்றது, சார்ஜ் வேண்டியது கிளம்பறதுக்கு முன்னாடி. டாக்ஸில பின்னாடி சீட்லேர்ந்து காசு கை மாறி முன்னாடி போகுதே, அதுல மளிகை வவுச்சர நீட்டினா என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அமெரிக்கால வேற வழி. பைடன் அரசாங்கம் ஊபர், லிஃப்ட் ரெண்டு கம்பெனியோடயும் பேசி 2021 மே 24லேர்ந்து ஜூலை 4 வரைக்கும் ஊசி போடப் போறவங்களுக்கு இலவச சவாரி விட்டாங்க. அதுக்கு ஸ்மார்ட்ஃபோன் வேணும், டேட்டா வேணும், ஆயா கையில இருக்கறது பட்டன் ஃபோன். அதவிட எனக்குப் பிடிச்சது, அங்க மெடிகெய்ட்ங்கற அரசாங்க மருத்துவ உதவித் திட்டத்துல இருக்கற ஏழைங்களுக்கு டாக்டர்கிட்ட போக வண்டி ஏற்பாடு ரொம்ப நாளாவே இருக்கு, அது கோவிடோட வந்து கோவிடோட போறது இல்ல.

அடுத்தது ஊசியையே வீட்டுப் பக்கம் கொண்டுவர்றது. இங்க சவுத் ஆப்பிரிக்கால வெஸ்டர்ன் கேப் மாகாணத்துல வாக்ஸி டாக்ஸின்னு ஊசி போடற வண்டி ஓடுச்சு, ஈஸ்டர்ன் கேப் மாகாணத்துல டிரான்ஸ்நெட்ங்கற அரசாங்க ரயில் கம்பெனி டிரான்ஸ்வாகோன்னு ஒரு ஊசி ரயிலே விட்டாங்க. இந்த நாட்டுல 1994லேர்ந்து ஃபெலொஃபேபா மருத்துவ ரயில் ஓடுது, அதனால ரயில் வைத்தியம் புதுசு இல்ல, ஆனா தண்டவாளம் இருக்கற ஊருக்குத்தான் வரும். வேன்ல இன்னொரு சிக்கல், ஃபைசர் குப்பி ஒண்ணுல ஆறு டோஸ், கலந்துட்டா ஆறு மணி நேரத்துக்குள்ள போட்டாகணும், சந்துல ரெண்டு பாட்டிங்க மட்டும் நின்னா நர்ஸ் குப்பியத் திறக்கறதா வேணாமான்னு முழிப்பாங்க. படுக்கையிலயே இருக்கறவங்களுக்கு மட்டும் இதவிட்டா வேற வழியே கிடையாது, அங்க டோஸ் வீணானாலும் பரவால்லன்னு போடணும்.

என் ஓட்டு மினிபஸ் டாக்ஸிக்குத்தான், அரசாங்கமே காண்ட்ராக்ட் போட்டு ஓட்டறது. கனவு இல்ல இது, 2020ல வெஸ்டர்ன் கேப்ல ரெட் டாட்னு மினிபஸ் டாக்ஸிங்களயே எடுத்து, தனியா இருக்க வேண்டிய கோவிட் ஆளுங்களயும் ஹெல்த் ஸ்டாஃபையும் ஏத்தினாங்க. டிரைவருக்கு எந்த வீட்ல யாரு தனியா இருக்காங்கன்னு தெரியும், ரேங்க்ல, அதாவது டாக்ஸி ஸ்டாண்ட்ல ஏத்தாம வீட்டு கேட்லயே நிறுத்துவான். ஆனா ஒண்ணு, தலைக்கு இவ்வளவுன்னு குடுத்தா வண்டி ரொம்பற வரைக்கும் நகர மாட்டான், பாட்டிங்க வெயில்ல காயணும், அதனால ட்ரிப்புக்கு இவ்வளவுன்னுதான் குடுக்கணும். வீல்சேர் ஏறாது, படியும் உயரம். டாக்ஸிக்காரங்க ஸ்டே அவேன்னு ஸ்டிரைக் பண்ணி வண்டிய நிறுத்தினா அன்னிக்கு எல்லாம் போச்சு. இருந்தும் வண்டியும் ஆளும் ஏற்கனவே தெருவுல இருக்கு, புதுசா எதுவும் வாங்க வேணாம்.

ஆயா முதல் ஊசிக்குப் போனது பக்கத்து வீட்டு அங்கிளோட பாக்கில, அதாவது பிக்அப் வண்டில. பெட்ரோல் காசு வாங்க மாட்டேன்னுட்டாரு, ஆயா ஒரு டப்பா முறுக்கு குடுத்தனுப்பினாங்க. ரெண்டாவது ஊசி அன்னிக்கு அவருக்குப் பகல் ஷிஃப்ட். பன்னெண்டு நாள் கழிச்சுதான் போக முடிஞ்சுது.