கிணறு, கான், குழாய், மழை: யாழ்ப்பாணத்தில் எந்தத் தண்ணி எதற்கு?

கேத்திலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்காத வீடு யாழ்ப்பாணத்தில் அரிது. மாதத்துக்கு ஒருதடவை தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ விட்டுக் கொதிக்கவைத்து அதைக் கழற்றும்போதெல்லாம் எங்கள் அம்மா ஒரே கேள்விதான் கேட்பார்: "இதெல்லாம் எங்கட வயித்துக்கையும் இப்பிடித்தானே ஒட்டியிருக்கும்?" ஒட்டாது. ஆனால் அந்தப் பயத்தில்தான் ஊரில் பாதிப்பேர் கடையில் பிளாஸ்டிக் கானில் தண்ணி வாங்குகிறார்கள். வீட்டில் இப்போது கிணறும் இருக்கிறது, குழாயும் வந்துவிட்டது, கடைக் கானும் வருகிறது, மாரியில் கூரைத் தண்ணியும் உண்டு. எதை எதற்கு எடுப்பது என்று ஒருக்கால் ஒழுங்காகப் பார்த்துவிடுவோம்.

கிணற்றுத் தண்ணி

குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருந்து காபனீரொட்சைட்டை வாங்கிக்கொண்டு இறங்கும்போது அந்தக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கல்சியம், மக்னீசியம் இருகாபனேற்றுகளாகத் தண்ணிக்குள் வருவது இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் 'நிலையில் வன்மை' என்று படித்தோமே, அது. கொதிக்கவைத்தால் திரும்பக் கல்லாகிப் பாத்திரத்தில் படிகிறது. கேத்தில் படை என்பது எங்கள் காணிக்குக் கீழே இருக்கிற அதே பாறைதான்.

இலங்கைத் தரக்கட்டளை குடிநீரின் மொத்த வன்மைக்கு லீற்றருக்கு 250 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. எங்கள் பக்கக் கிணறுகள் பல அதைத் தாண்டும். உலக சுகாதார நிறுவனமோ வன்மைக்கு உடல்நல எல்லை எதையும் வைக்கவில்லை. சவர்க்காரம் நுரைக்காது, பருப்பு அவிய நேரமெடுக்கும், தேத்தண்ணியில் மெல்லிய ஆடை மிதக்கும், ஷவர் ஓட்டைகள் அடைபடும். தொல்லைகள்தான், நோய்கள் அல்ல. சிறுநீரகக் கல்லுக்குக் கிணற்றைக் குற்றம் சொல்லுகிறவர்கள், வெயிலில் நாள்முழுக்க நின்றுவிட்டு எத்தனை கிளாஸ் தண்ணி குடித்தோம் என்று முதலில் எண்ணிப் பார்க்கலாம்.

உப்பு வேறு கதை. நிலத்தடியில் நன்னீர், கனமான கடல்நீரின்மேல் வில்லைபோல மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் இருக்கும் என்பது கணக்கு. கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மேலே ஒரு மீற்றர் இறங்கினால் கீழே உப்பு 40 மீற்றர் ஏறி வரும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இந்த அமைப்புக்குக் கண்கண்ட சாட்சி. குருநகர், நாவாந்துறைக் கரைகளில் தண்ணி சவராக இருப்பதும், ஆவணி, புரட்டாதியில் கடலுக்குத் தூரத்துக் கிணறுகளும் கரிக்கத் தொடங்குவதும் அதனால்தான். துலாவால் இறைத்த காலத்தில் கிணறு ஆறுவதற்கு நேரம் கிடைத்தது. மோட்டருக்குக் கை நோவதில்லை.

ஆனால் என் கணக்கில் கிணற்றுக்குப் புள்ளி குறைவது வன்மையாலும் இல்லை, உப்பாலும் இல்லை. நைத்திரேற்றால்: உரத்திலும் மலத்திலும் இருந்து மண்வழியே தண்ணியில் சேர்கிற பொருள் அது. வெங்காயம், புகையிலை, மிளகாய், உருளைக்கிழங்கு என்று செம்மண்ணில் வருசம் முழுக்கப் பயிர்செய்து யூரியாவை அள்ளிப் போடுகிறோம். மறுபக்கம், இரண்டு பரப்புக் காணியை நாலாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு கிணறும் ஒரு மலக்குழியும் வெட்டுகிறோம். அடியில் இருப்பதோ வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். மணலைப்போல வடிகட்டித் தராது. மேலே விட்டது கீழே போய்ச் சேரும். நைத்திரேற்றுக்கு எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. கேத்திலிலும் படியாது. கொதிக்கவைத்தால் தண்ணி ஆவியாகி அதன் செறிவு இன்னும் கூடும். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு இது குருதியின் ஒட்சிசன் காவும் திறனைக் குறைத்து உடலை நீலம் பாரிக்கச் செய்யலாம். அதனால் "கொதிக்கவைச்சுத்தானே பால் கரைக்கிறம்" என்ற ஆறுதல் கிருமிக்குச் சரி, நைத்திரேற்றுக்குச் சரிவராது.

சுன்னாகத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்நிலையப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019 இல் நட்டஈடு செலுத்தும்படி தீர்ப்பு வந்தது. எண்ணெய் மணத்தது, மிதந்தது, சனம் தெருவுக்கு இறங்கியது. நைத்திரேற்றுக்காக இன்னும் ஒருவரும் பதாகை பிடித்ததாகத் தெரியவில்லை.

கான் தண்ணியும் வீட்டு ஆர்.ஓ.வும்

இரண்டும் அடிப்படையில் ஒன்று: ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்), அதாவது தண்ணியை மென்சவ்வு வழியாக அமுக்கத்தில் தள்ளுவது. வன்மை, உப்பு, நைத்திரேற்று மூன்றும் இறங்கும். வீட்டு இயந்திரம் என்றால் ஒரு லீற்றர் நல்ல தண்ணிக்கு இரண்டு மூன்று லீற்றரை வெளியே விடும். பெரும்பாலும் நிலத்தடி நீரையே நம்பியிருக்கிற ஊரில் அந்தக் கழிவுக் குழாயை நேரே வடிகாலுக்குள் விட மனம் வரக்கூடாது. வாளியில் பிடித்து முற்றம் கழுவலாம். கடைக் கானில் என் சந்தேகம் தண்ணியைப் பற்றியது அல்ல, கானைப் பற்றியது. வெயிலில் லொறியில் நின்ற கான், எத்தனை கைமாறி வந்த கான், உள்ளே பாசி பிடித்த கான்.

விற்பனைக்கு வருகிறவர்கள் பேனைபோல ஒரு மானியைக் கிணற்றுத் தண்ணியில் வைத்து, எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். அது கரைந்திருப்பவை எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுகிற எண். அதில் எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு நைத்திரேற்று என்று அது சொல்லாது. மலக்குழிக் கிருமியை அது காணவே காணாது.

தண்ணியை மென்மையாக்கும் இயந்திரம் என்று இன்னொன்று விற்கிறார்கள். கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிற பிசின் அதற்குள் இருக்கிறது. அவ்வப்போது கறியுப்புப் போட்டு அதைப் புதுப்பிக்க வேண்டும். சுடுதண்ணி இயந்திரத்துக்கும் உடுப்புத் தோய்க்கவும் நல்லது. குடிப்பதற்கென்று வாங்கினால் ஏமாற்றம்: சாதாரண மென்மையாக்கி நைத்திரேற்றைத் தொடுவதில்லை, இரத்த அழுத்தக்காரருக்கு வேண்டாத சோடியம் மட்டும் கூடும்.

குழாய்த் தண்ணி

முன்பு நகரத்தில் குழாய்த் தண்ணி என்றால் கோண்டாவில் பக்கக் கிணறுகளில் இருந்து வந்ததுதான். அதாவது குளோரின் போட்ட கிணற்றுத் தண்ணி. வன்மையில் வீட்டுக் கிணற்றோடு ஒப்பிடப் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணியைக் கொண்டுவரத் திட்டம் போட்டார்கள். எங்கள் வயலுக்கே போதாது என்று கிளிநொச்சி விவசாயிகள் மறுத்தார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. கடைசியில் வழி கடலுக்குத் திரும்பியது. வடமராட்சி கிழக்குக் கரையில், தாளையடியில் கட்டிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கொள்ளளவு நாளுக்கு 24,000 கனமீற்றர்.

கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அதை எடுத்தபின் வருவது கிட்டத்தட்ட வெறுந்தண்ணி. அப்படியே விட்டால் குழாயை அரிக்கும் என்பதால் இத்தகைய நிலையங்களில் கொஞ்சம் சுண்ணாம்பைத் திருப்பிச் சேர்ப்பார்கள். காசு கொடுத்து எடுத்த கல்லைக் காசு கொடுத்துப் போடுவது யாழ்ப்பாணத்தானுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அளவோடு போடுகிறார்கள், கிணறு அளவு பார்ப்பதில்லை. இந்த ஒப்பீட்டில் முக்கியமானது வேறு: எங்கள் தோட்டத்து யூரியாவும் அயலவரின் மலக்குழியும் தாளையடிக் கடலுக்குள் இல்லை.

குறைகளும் இருக்கின்றன. கடல்நீரைச் சுத்திகரிக்க ஆயிரம் லீற்றருக்கு மூன்று, நாலு யுனிற் மின்சாரம் வேண்டும். உவர்க்கழிவு திரும்பக் கடலுக்குப் போகும் என்று வடமராட்சி கிழக்கு மீனவர்கள் எதிர்த்ததில் நியாயம் இருக்கிறது. குளோரின் மணம் பிடிக்காதவர்கள் இரவில் அகலமான பாத்திரத்தில் துணி மூடி வைத்தால் காலையில் பெரும்பாலும் போய்விடும்.

மழைத்தண்ணி

நாலிலும் மென்மையானது இதுதான். வன்மை ஏறக்குறையச் சுழியம். பருப்பு பூப்போல அவியும். நூறு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் நூறு லீற்றர். ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டுகிற ஊரில் கூரைக்குப் பஞ்சமில்லை, தாங்கிக்குத்தான் பஞ்சம். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லீற்றர் என்றால், தை முதல் புரட்டாதி வரைக்கும் 5,400 லீற்றர் சேமிக்க வேண்டும். முதல் மழையைக் கழித்துவிட்டு, ஓட்டில் காக்கை எச்சத்தையும் இலை குப்பையையும் துப்பரவாக்கி, நுளம்பு போகாமல் வலை கட்டி, கொதிக்கவைத்துக் குடிக்கலாம். தாங்கி நிரம்பி வழிவதைக் கிணற்றடிக்குத் திருப்பிவிட்டால் அந்த நன்னீர் வில்லைக்கும் கொஞ்சம் சேரும். அரசாங்கம் தரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத நல்ல தண்ணி இது என்பதால் எனக்குத் தனிப் பாசம்.

குழாய் வந்த வீடென்றால் குடிப்பதும் குழந்தைப் பாலும் குழாயில், குளிப்பும் தோய்ப்பும் பூமரமும் கிணற்றில். குழாய் இன்னும் வராத ஒழுங்கையென்றால் மழைத்தாங்கி, இல்லாவிட்டால் ஆர்.ஓ. எதுவும் இல்லாமல் கிணற்றையே குடிக்கிறவர்கள் உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுத் தண்ணியைப் பரிசோதிப்பியுங்கள். கேட்கும்போது வன்மையோடு நிறுத்தாமல், நைத்திரேற்றும் மலக்கிருமியான ஈ-கோலையும் பார்க்கச் சொல்லுங்கள். கானைக் கடைசியில் வைக்கிறேன்.

எங்கள் வீட்டில் குழாய் பூட்டி மாதங்கள் ஆகின்றன. கேத்தில் இப்போது கறுப்பாகவே இருக்கிறது. அம்மா மட்டும் தன் விடியற்காலைத் தேத்தண்ணிக்குக் கிணற்றில்தான் அள்ளுகிறார். மற்றது சப்பெண்டு இருக்காம்.