ராம்நாட் ராமலிங்க விலாசம்: ராமேஸ்வரம் போறவங்க இறங்கிப் பாக்க வேண்டிய அரண்மனை

ராமேஸ்வரம் போற வேன், காரு எல்லாமே ராம்நாட்டை, அதாவது ராமநாதபுரத்தை, டீ குடிக்க நிக்கிற ஊராத்தான் பாக்குது. அரண்மனைன்னு சொன்னா போதும், ஆட்டோக்காரரு கொண்டு போய் விட்டுருவாரு. அங்க இந்த ஊரை ஆண்ட சேதுபதி ராஜாக்களோட ராமலிங்க விலாசம் இருக்கு, இப்ப தொல்லியல் துறை மியூசியமா வச்சிருக்காங்க. அதைப் பாக்காம இருபத்திரெண்டு தீர்த்தத்துக்கு மட்டும் ஓடுறது பெரிய நஷ்டம்னுதான் சொல்லுவேன்.

முன்னாடியே சொல்லிடறேன், மைசூர் அரண்மனை மாதிரி சரவிளக்கு, வெல்வெட் சோபா, வெள்ளி நாற்காலின்னு எதிர்பாத்துப் போகாதீங்க. ரூம்ல சாமான் ரொம்பக் கம்மி. இங்க பாக்க வேண்டியதே செவுருதான். செவுரு, தூணு, வளைவு, மேல கூரைன்னு எங்க திரும்பினாலும் ஓவியம், அதனால உள்ள நுழைஞ்சு ஒரு ரவுண்டு அடிச்சு செல்ஃபி எடுத்துட்டு வெளிய வந்தவங்க எல்லாம் "ஒண்ணுமே இல்லைங்க"ன்னு ரிவ்யூ போடுறாங்க, என்னத்த சொல்ல.

கட்டுனது கிழவன் சேதுபதி, போகலூர்ல இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாத்துனவரு அவருதான். ஓவியங்க அதுக்குக் கொஞ்சம் பின்னாடி, முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தது, 1720 வாக்குல. தஞ்சாவூர் மராத்தியர் கூட நடந்த சண்டை ஒரு பக்கம், வெள்ளைக்காரங்க தொப்பியோட வந்து ராஜாவைப் பாக்குறது ஒரு பக்கம், மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் சேதுபதிக்கு ரத்தினத்தால அபிஷேகம் பண்றது, ராஜராஜேஸ்வரி அம்மன் கையில இருந்து ராஜா செங்கோல் வாங்குறது... இந்த கடைசி ரெண்டையும் சேத்து யோசிச்சுப் பாருங்க. ஒரு படத்துல நாயக்கர் பட்டம் கட்டுறாரு, இன்னொண்ணுல அம்பாளே நேரா அதிகாரம் குடுக்குறா. நான் யாருக்கும் சும்மா அடங்கினவன் இல்லன்னு ராஜா செவுத்துல எழுதி வச்ச மாதிரிதான் எனக்குப் படுது. கூடவே ராமாயணம், கிருஷ்ணர் கதை வேற வரிசையா ஓடும்.

கட்டடமே கோயில் மாதிரிதான் இருக்கு, முன்னாடி தூண் வச்ச பெரிய மண்டபம், அப்புறம் குறுகலா ஒண்ணு, கடைசியில உள்ளறை. செவுரு பயங்கர தடிமன், வெளிய ராம்நாட் வெயில் மண்டையப் பொளந்தாலும் உள்ள ஜில்லுன்னு இருக்கும். மேல் மாடி ராஜாவோட சொந்த அறை, அங்க அந்தப்புர வாழ்க்கை, காதல் காட்சி எல்லாம் வரைஞ்சிருக்கும், பசங்க கேள்வி கேட்டா பதில் ரெடியா வச்சுக்கங்க.

இன்னொரு விஷயம், கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனை சந்திச்சது இந்த விலாசத்துலதான், 1798 செப்டம்பர்ல. ஜாக்சன் அவரை ஊர் ஊரா அலைய விட்டு கடைசியா இங்க வரச் சொல்லி, பேச்சு முத்தி கைகலப்பாகி வெள்ளைக்கார லெப்டினன்ட் கிளார்க் செத்துப் போனான், கட்டபொம்மன் தப்பிச்சுட்டாரு, அவரோட மந்திரி தானாபதி பிள்ளை மாட்டிக்கிட்டாரு. இதத் தெரிஞ்சுட்டு அந்த எடத்துல நின்னா சும்மா ஜிவ்வுன்னு இருக்கு. வாள், ஈட்டி, எறிஞ்சு தாக்குற வளைஞ்ச ஆயுதமான வளரி எல்லாமும் வச்சிருக்காங்க, மருதுபாண்டியர் கதை கேட்டு வளந்த நம்ம ஊரு பசங்க வளரி முன்னாடி இருந்து நகரவே மாட்டாங்க.

கோவம் வர்றது ஒண்ணே ஒண்ணுலதான். முன்னூறு வருசத்து ஓவியத்து மேல ஆணியால ஹார்ட்டு கீறி பேரு எழுதி வச்சிருக்கானுங்க பாருங்க, அவனுங்க காதல் என்னாச்சோ தெரியாது, ராஜாவோட மூஞ்சி போச்சு. நீங்க போனா செவுத்துல சாயாதீங்க, ஃப்ளாஷ் அடிக்காதீங்க, பச்சிலை, மண்ணுன்னு இயற்கை வண்ணத்துல வரைஞ்சது.

தோட்டம் வேணும்னா இங்க தேடாதீங்க, ராமேஸ்வரம் பக்கத்துல பேக்கரும்புல அப்துல் கலாம் நினைவிடத்துக்குப் போங்க. 2017 ஜூலைல திறந்தது, ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ கட்டுனது, புல்வெளி, செடி எல்லாம் பளிச்சுன்னு பராமரிக்கிறாங்க. ஆனா எனக்கு அதை விட ராமேஸ்வரம் மசூதித் தெருவுல இருக்கிற அவரு வீடுதான் பிடிச்சிருக்கு. மாடியில மியூசியம், ஃபோட்டோ, விருது, அதுக்கு மேல சங்கு சிப்பிக் கடை, கூட்டம் மட்டும் ஜாஸ்தி, உள்ள நிக்க விடாம பின்னாடி இருந்து தள்ளிட்டே இருப்பாங்க. ராமலிங்க விலாசத்துல அந்தத் தொல்லை இல்ல, பல நேரம் நீங்களும் புறாவும்தான்.

காலையிலயே போயிருங்க, வெளிச்சம் நல்லா விழும். லீவு நாளான்னு கேட்டுட்டுக் கிளம்புங்க. நவராத்திரி சமயம்னா பக்கத்துலயே ராஜராஜேஸ்வரி அம்மன் கோயில் விசேஷமா இருக்கும், ரெண்டையும் சேத்துப் பாத்துரலாம். வயசானவங்க கூட வந்தா மாடிக்கு ஏத்த வேணாம், படி தோதா இல்ல, கீழ் மண்டபத்துலயே ஒரு மணி நேரத்துக்குப் பாக்க இருக்கு.