பாதி கறுப்பு, பாதி வெள்ளை: ஸ்டார் ட்ரெக் எபிசோடு ஒன்றை டர்பனில் மறுபடி பார்த்தபோது

அமெரிக்க விண்வெளி டிவி கதையான ஸ்டார் ட்ரெக் முதல் தொடரின் மூன்றாவது சீசனில் வரும் 'லெட் தட் பி யுவர் லாஸ்ட் பேட்டில்ஃபீல்ட்' எபிசோடு பற்றி ரசிகர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: கருத்து நல்லது, ஆனால் மண்டையில் அடித்துச் சொல்கிறார்கள். போன வாரம் அக்கா மகளோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். தென்னாப்பிரிக்காவில், இனவாரியாகப் பிரித்தபோது டர்பன் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில் வளர்ந்த எனக்கு இந்தக் குறையை ஒத்துக்கொள்ளவே முடியவில்லை, அதில் இருக்கிற குறை வேறு.

திருடிய ஷட்டிலில், அதாவது சிறு விண்கலத்தில், தப்பி வரும் வேற்றுக்கிரகவாசி லோகாயை என்டர்பிரைஸ் விண்கப்பல் ஏற்றிக்கொள்கிறது. நெற்றியிலிருந்து கழுத்து வரை நடுவில் கோடு கிழித்தது போல ஒரு பக்கம் கன்னங்கரேல், இன்னொரு பக்கம் வெள்ளை வெளேர். அவனை 50,000 வருடமாகத் துரத்தி வரும் பீல் என்ற அதிகாரிக்கும் அதே முகம்தான். அப்புறம் எதற்கு இவ்வளவு வெறுப்பு என்று கப்பலின் கேப்டன் கிர்க்குக்குப் புரியவில்லை. இதுகூடவா கண்ணில் படவில்லை என்ற தொனியில் பீல் சொல்கிறான்: எனக்கு வலது பக்கம் கறுப்பு, அவனுக்கு வலது பக்கம் வெள்ளை. பீலாக நடிக்கும் ஃபிராங்க் கோர்ஷின் இந்த இடத்தில் பிரமாதம். நிறவெறி ஆட்சி முடிந்த 1994க்கு அப்புறம் பிறந்த என் அக்கா மகளும் அதுவரை கவனிக்கவில்லை. "மாமா, கொஞ்சம் பின்னாடி போங்க" என்று சொல்லி, படத்தை நிறுத்தி இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இதைப் போய் மிகை என்கிறார்கள். தலைமுடியில் பென்சிலைச் செருகி, அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து ஒருவர் என்ன இனம் என்று முடிவு செய்த நாடு இது. 1950இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒரே குடும்பத்து ஆட்களையே வேறு வேறு இனமாகப் பிரித்துப் போட்டது, எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று வரையறுத்து அதே வருடம் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தை வைத்துத்தான் டர்பனின் கேட்டோ மேனரில் இருந்த நம் ஆட்களைக் கிளப்பி சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். இந்த எபிசோடு அமெரிக்காவில் ஒளிபரப்பானது 1969 ஜனவரியில், அப்போது இங்கே டிவியே கிடையாது, அது வந்தது 1976இல்தான். பூமியிலும் முன்பு இப்படி நடந்தது, அதெல்லாம் இருபதாம் நூற்றாண்டுக் கதை என்று கப்பல் அதிகாரிகள் செக்கோவும் சுலுவும் பேசிக்கொள்ளும்போது எனக்கு நெஞ்சு கனத்துப் போனது.

சரி, குறைக்கு வருகிறேன். லோகாய் இளம் மாலுமிகளிடம் பேசும் காட்சி ஒன்று உண்டு. குடிசையிலிருந்து இழுத்துப்போய் வேறு கிரகத்துப் போரில் தள்ளினால் எப்படி இருக்கும் தெரியுமா, அதுவும் உன்னை அடிமையாக வைத்திருப்பவனுக்காக, என்று கேட்கிறான். வெளியே நின்று கிர்க்கின் துணை அதிகாரி ஸ்பாக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எபிசோடின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆனால் கதை இதை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு பேரும் ஒரே மாதிரி வெறி பிடித்தவர்கள், இருவரும் வெறுப்பை விடவேண்டும் என்று முடித்துவிடுகிறது. அடித்தவனையும் அடி வாங்கியவனையும் ஒரே தராசில் வைத்தால் எப்படி? லோகாய் கோபக்காரன்தான், அதற்குக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தை யாராவது ஒருவராவது விசாரித்திருக்க வேண்டாமா? கிர்க் அவனிடமும் பீலிடமும் காட்டுவது ஒரே சலிப்பைத்தான்.

கடைசித் துரத்தல் காட்சி ரொம்ப இழுவை. எரியும் நகரங்களின் பழைய படச்சுருளை மேலே போட்டு இருவரையும் தாழ்வாரத்தில் ஓடவிட்டே நேரத்தைக் கடத்துகிறார்கள். அதற்கு நேர்மாறு கப்பலைத் தகர்க்கப் போவதாகக் கிர்க் மிரட்டும் காட்சி. ஒவ்வொரு அதிகாரியாக ரகசியக் குறியீட்டைச் சொல்லச் சொல்ல, கேமரா கண்ணுக்கும் உதட்டுக்கும் பக்கத்தில் போய் நிற்கிறது, வெடியும் இல்லை சண்டையும் இல்லை, கை வியர்த்துவிடும்.

கட்டாயம் பாருங்கள். வீட்டில் அந்தக் காலத்தைப் பார்த்த பெரியவர்கள் யாராவது இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், லோகாய் பேசுகிற இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு அவர்களைப் பேசச் சொல்லுங்கள்.