பேட்டரி ரீகாலை மறைத்து விற்றார்கள், 17,850 டாலர் போய்விட்டது: பழைய மின்கார் வாங்குவோர் கவனத்திற்கு

நேற்று மாலை எனக்குக் கார் விற்றவர்களிடமிருந்து வந்த கடைசி மின்னஞ்சலைப் படித்த கோபம் இன்னும் அடங்காத நிலையில் இதை எழுதுகிறேன். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், பழைய கார்களை இணையத்தில் படத்தோடு காட்டி, ஊருக்கு ஓரமாக ஒரு பெரிய திடலில் நிறுத்தி விற்கும் ஒரு நிறுவனத்திடம் 17,850 டாலர் கொடுத்து மின்கார் ஒன்றை வாங்கி இன்றோடு இருபத்திரண்டு நாள்கள் ஆகின்றன. புகார் கொடுக்கவிருப்பதால் அந்த நிறுவனத்தின் பெயரையும் காரின் பெயரையும் இங்கே எழுதவில்லை.

நான் விவரம் அறியாமல் போய் ஏமாந்தவன் இல்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். 2021இல் என்னோடு வேலை பார்த்தவரிடம் ஷெவர்லே போல்ட் என்ற மின்கார் இருந்தது. அதன் பேட்டரிக்கு ரீகால், அதாவது பழுதைத் தயாரிப்பாளரே இலவசமாகச் சரிசெய்து தருவதற்காக வண்டிகளைத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு, வந்திருந்தது. 2020 நவம்பரில் ஏறத்தாழ 68,000 வண்டிகளோடு தொடங்கிய அந்த ரீகால், அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அதுவரை தயாரான எல்லா போல்ட் கார்களுக்கும் விரிந்து, மொத்தம் 1,42,000 வண்டிகளைத் தொட்டது. எல்ஜி தயாரித்த பேட்டரி செல்களில் ஆனோடு எனப்படும் மின்வாயின் இணைப்புத் தகடு கிழிந்திருப்பதும், இரு மின்வாய்களுக்கு நடுவே உள்ள பிரிப்பான் படலம் மடிந்திருப்பதும் ஒரே செல்லில் சேர்ந்து அமைந்துவிட்டால், வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே தீப்பிடிக்கக்கூடும் என்பதுதான் காரணம். 90 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது, வீட்டுக்குள் வைத்து இரவு முழுவதும் சார்ஜ் போடக் கூடாது, மற்ற வண்டிகளிலிருந்து 50 அடி தள்ளி நிறுத்த வேண்டும் என்றெல்லாம் அறிவுரைகள் வந்தன. அந்த நண்பர் மாதக்கணக்கில் அலுவலகத் திடலின் கடைசி மூலையில் தனியாக வண்டியை நிறுத்திவிட்டு மழையில் நடந்து வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் வாங்குவதற்கு முன் நான் கேட்ட முதல் கேள்வியே பேட்டரி ரீகால் பற்றியதாக இருந்தது.

விற்பனையாளர் தமிழர். என் பெயரைப் பார்த்ததும் தமிழில் பேசத் தொடங்கினார், ஊர் விசாரித்தார், வெயிலில் நின்றிருந்த என் மாமியாருக்கு உள்ளே நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். அன்று இரவு வாட்ஸ்அப்பில் நான் கேட்டேன்: "தம்பி, இந்த வண்டிக்கு பேட்டரி ரீகால் ஏதாவது பாக்கி இருக்கா?" மூன்று நிமிடத்தில் பதில் வந்தது: "எல்லாம் கிளியர் அண்ணா. சாஃப்ட்வேர் அப்டேட்டும் போட்டாச்சு. என் வீட்டுக்கு எடுக்கிற மாதிரி பார்த்துத்தான் சொல்றேன்." அந்தச் செய்தி இன்றும் என் கைபேசியில் இருக்கிறது. மறுநாள் காலையில், எட்டு ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தில் பெரும்பகுதியான 17,850 டாலரை ஒரே காசோலையாக எழுதிக் கொடுத்தேன்.

கையெழுத்துப் போடும் மேசையில் இன்னொன்றும் நடந்தது. கலிபோர்னியாவில் இந்த விலைக்குப் பழைய கார் வாங்குபவர் 250 டாலர் தனியாகக் கட்டினால், இரண்டு நாள்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை கிடைக்கும். அந்தத் தாளை எனக்குக் காட்டினார்கள். காட்டியே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆனால் "நமக்குள்ள எதுக்கு அண்ணா, 250 வெள்ளி வேஸ்ட்" என்று சொல்லி அவரே அதை ஓரமாகத் தள்ளி வைத்தார். நானும் வேண்டாம் என்ற கட்டத்தில் கையெழுத்திட்டேன்.

ஒன்பதாம் நாள், டயர் மாற்றிப் பூட்டுவதற்காக அந்தக் கார் வகைக்குரிய சர்வீஸ் சென்டருக்குப் போனபோது, அங்கிருந்த பெண்மணி வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணைக் கணினியில் தட்டிவிட்டு, பேட்டரி ரீகால் ஏழு மாதங்களாக நிலுவையில் இருப்பதாகவும், மாற்று பேட்டரி இன்னும் வந்து சேராததால் அதுவரை 80 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் ஏற்றாமல், கட்டடங்களை விட்டுத் தள்ளி வெளியில் நிறுத்த வேண்டும் என்றும் சொன்னார். எங்கள் அடுக்ககத்தில் வண்டி நிறுத்துமிடம் கட்டடத்துக்கு அடியில் இருக்கிறது. அதற்கு நேர் மேலே உள்ள அறையில் என் இரண்டு பிள்ளைகள் தூங்குகிறார்கள். ஒன்பது இரவுகள் அந்த வண்டியை அவர்களுக்குக் கீழே சார்ஜில் போட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். இந்தப் பதிவில் என்னால் மன்னிக்கவே முடியாதது அதுதான். பணம்கூட அதற்குப் பிறகுதான்.

அன்றே தொலைபேசியில் அழைத்தேன். அண்ணா என்று கூப்பிட்டவர், ரீகால் என்ற சொல்லைக் கேட்ட நொடியிலிருந்து என்னோடு ஆங்கிலத்தில் மட்டுமே பேசினார். மேலாளர் விடுமுறையில் இருக்கிறார், திங்கட்கிழமை அழைப்பார் என்றார். திங்கட்கிழமை வந்து போய்விட்டது, அழைப்பு வரவில்லை. நேரில் போனபோது வரவேற்பில் ஐம்பது நிமிடம் உட்கார வைத்துவிட்டு, ரீகால் என்பது தயாரிப்பாளரின் பொறுப்பு, பழுது இலவசமாகச் சரி செய்யப்படும், ஆகவே உங்களுக்கு இழப்பே இல்லை என்றார்கள். சார்ஜ் குறைந்ததால் வேலைக்குப் போய்த் திரும்பும் வழியில் நடுவில் ஒருமுறை நின்று சார்ஜ் ஏற்ற வேண்டியிருப்பதையும், வெளியே திறந்தவெளி நிறுத்தத்துக்கு மாதம் 140 டாலர் கட்டுவதையும் சொன்னபோது, விற்பனையாளர் தனிப்பட்ட கைபேசியில் அனுப்பிய செய்திக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்றார்கள். நேற்றைய மின்னஞ்சலில், காரின் கண்ணாடியில் ஒட்டியிருந்த 'உள்ளது உள்ளபடி, உத்தரவாதம் இல்லை' என்ற தாளில் என் கையெழுத்து இருப்பதைப் படமெடுத்து அனுப்பி, இந்த விவகாரம் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள். 17,850 டாலர் வாங்கிக்கொண்டவர்கள் எனக்கு எழுதியது மொத்தம் நான்கு வரி.

இந்த நாட்டின் சட்டத்தில் உள்ள ஓட்டை அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ரீகால் நிலுவையில் உள்ள புதிய காரை விற்கக் கூடாது. பெரிய வாடகைக் கார் நிறுவனங்களும் 2016 முதல் அப்படிப்பட்ட வண்டியை வாடகைக்கு விடக் கூடாது. பழைய காரை விற்பவருக்கு மட்டும் கூட்டரசுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. ஒரு நாள் வாடகைக்கு விடத் தகாத வண்டியைப் பிள்ளைகள் தூங்கும் வீட்டுக்கு நிரந்தரமாக விற்கலாம் என்றால் அது என்ன நியாயம்? சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றால், அங்கே தனிநபர் கோரக்கூடிய உச்சத்தொகை 12,500 டாலர். நான் இழந்தது 17,850.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாகப் பட்டியல் போட நினைத்துத்தான் தொடங்கினேன், ஆனால் இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அடையாள எண்ணை வாங்கி, என்எச்டிஎஸ்ஏ எனப்படும் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். இலவசம், ஒரு நிமிடம் போதும், கண்ணாடித் தாளிலேயே அப்படிப் பார்க்கச் சொல்லி அச்சிட்டிருக்கிறார்கள். 'கிளியர்' என்று யாராவது சொன்னால் அதை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த 250 டாலரைக் கட்டிவிடுங்கள்.

வாட்ஸ்அப் செய்திகளை அச்செடுத்து வைத்துவிட்டேன். விற்பனையாளர்களுக்கு உரிமம் வழங்கும் மாநில மோட்டார் வாகனத் துறையில் நாளை காலை புகார் கொடுக்கிறேன். இதே திடலில் மின்கார் வாங்கிய தமிழர்கள் வேறு யாராவது இருந்தால், இன்றிரவு வண்டியைச் சார்ஜில் போடுவதற்கு முன் அடையாள எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.