ஆக்டேவியா டீசல், ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு

ஐரோப்பியக் கார் வைத்திருக்கிறேன் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "மெயின்டனன்ஸ் கையைக் கடிக்குமே?" சரி, கடிக்கத்தான் செய்யும். ஆனால் எப்போது, எதற்காகக் கடிக்கும் என்பது பெரும்பாலும் வண்டியோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது. அதில் உள்ளதை நாள் தவறாமல் செய்ய வேண்டும், அதில் இல்லாத எதற்கும் காசு கொடுக்கக் கூடாது. என் கணக்கில் மெயின்டனன்ஸ் என்றால் இந்த இரண்டும் சேர்ந்ததுதான். முதல் பாதியை எல்லோரும் சொல்வார்கள், இரண்டாவதைச் சொல்ல ஆள் குறைவு.

என்னுடையது ஸ்கோடா ஆக்டேவியா, 2.0 டிடிஐ, 143 குதிரைத்திறன், ஆறு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். கோயம்புத்தூரில் செகண்ட் ஹாண்டாக வாங்கியது, முதல் ஓனர் ஒரு டாக்டர், சர்வீஸ் பில்களை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருந்தார், விலையில் கொஞ்சம் கூடக் கொடுத்ததே அந்த ஃபைலுக்காகத்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது, ஸ்கோடாவின் தாய் நிறுவனமான ஃபோக்ஸ்வாகன் குழுமம் இந்தியாவில் டீசல் எஞ்சினையே விட்டுவிட்டது. எனவே இதே வண்டி புதிதாக இனிக் கிடைக்காது, இருப்பதை ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஓட்டும் சுகத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சேலம் பைபாஸில் லாரியை ஓவர்டேக் எடுக்கும்போது 320 என்எம் டார்க் என்ன செய்யும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

ஆயில் மாற்றி சர்வீஸ் செய்யப் புத்தகம் சொல்வது 15,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. இதே குழுமத்தின் வண்டிகளுக்கு ஐரோப்பாவில் லாங்லைஃப் முறை என்று ஒன்று உண்டு, அதில் 30,000 கி.மீ. அல்லது இரண்டு வருடம் வரை போகலாம். அதைக் காட்டி "அங்கே ஓடுகிற எஞ்சின்தானே இதுவும்" என்று ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே ஆட்டோபான் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஒரே சீராக ஓடும். இங்கே காந்திபுரம் சிக்னலில் மே மாத வெயிலில் ஏசியைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது மீட்டர் நகராது, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். என்னைக் கேட்டால் நிறைய ஓட்டுகிறவர்களைவிடக் குறைவாக ஓட்டுகிறவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். வருடத்துக்கு ஆறாயிரம்தான் ஓடியிருக்கிறது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார்கள். எஞ்சின் முழுதாகச் சூடாவதற்குள் ஆஃபீஸ் வந்துவிடும் அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டம் ஓடினால், ஆயிலில் சேரும் ஈரமும் டீசலும் ஆவியாகிப் போக வழியே இல்லை. அந்த "அல்லது ஒரு வருடம்" என்பது அதற்காகத்தான்.

எஞ்சின் ஆயில் வாங்கும்போது டப்பாவின் முன்பக்கம் பெரிதாகப் போட்டிருக்கும் 5டபிள்யூ-30 என்பது வெறும் கெட்டித்தன்மைதான். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் தர எண்ணைப் பாருங்கள். நான் ஊற்றுவது விடபிள்யூ 507.00 என்று போட்டது. பெட்ரோல் வண்டிக்கு வேறு எண், உங்கள் புத்தகத்தில் இருக்கும். ஆயில் இறக்கும் போல்ட்டில் வாஷர் கூடவே வரும், ஒவ்வொரு தடவையும் புதிதுதான் போட வேண்டும். பில்லில் அந்த போல்ட் தனி வரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். சில்லறைக் காசு பெறாத சாமான்தான், ஆனால் அதை ஞாபகமாக மாற்றுகிற ஒர்க்‌ஷாப் மற்றதையும் ஒழுங்காகச் செய்யும் என்பது என் நம்பிக்கை.

அடுத்து டிஎஸ்ஜி. இந்தப் பெயரைக் கேட்டாலே பயப்படுகிறவர்கள் இரண்டு வேறு கியர்பாக்ஸை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். என் வண்டியில் இருக்கும் ஆறு கியர் டிஎஸ்ஜியில் கிளட்ச் தட்டுகள் ஆயிலில் ஊறிக்கொண்டிருக்கும். போலோ ஜிடி டிஎஸ்ஐ போன்ற பெட்ரோல் வண்டிகளில் வந்த ஏழு கியர் டிஎஸ்ஜியில் கிளட்ச் உலர்ந்தது. அந்த ஏழு கியர் பெட்டிக்காகத்தான் 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் குழுமம் உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றிக் கொடுத்தது. வெப்பமும் ஈரப்பதமும் அதிகமான ஊர்களில் பழைய ஆயிலால் மின்கோளாறு வரலாம் என்பது காரணம். ஆயில்தானே, எதையோ ஊற்றினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஆறு கியர் பெட்டிக்கு 60,000 கி.மீ.க்கு ஒரு தடவை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். கிளட்ச் தேயும் பொடி அந்த ஆயிலில்தான் சேரும், அதே ஆயில்தான் கியர் மாற்றும் வால்வுகளுக்குள்ளும் போய் வரும். இதைத் தெரியாத மெக்கானிக் "இது லைஃப்டைம் ஆயிலுங்க சார், தொடவே வேண்டாம்" என்பார். அவர் நல்லவர்தான், வேறு கியர்பாக்ஸை மனதில் வைத்துச் சொல்கிறார். 1,20,000-இல் இந்த வேலை நடந்தபோது கூடவே நின்று பார்த்தேன். கீழே இருக்கும் போல்ட்டைக் கழற்றினால் கொஞ்சம் ஆயில்தான் வரும், அதற்குள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய் நின்றுகொண்டிருக்கும், அதையும் ஆலன் கீயால் கழற்றினால்தான் மீதி இறங்கும். கறுப்பாக இறங்கியது. குழாயைத் திரும்ப மாட்டி, புது ஆயில் ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு, லேப்டாப்பில் ஆயிலின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 35-க்கும் 45 டிகிரிக்கும் நடுவில் இருக்கும்போது குழாய் வழியாக வழிந்து சொட்டு சொட்டாகக் குறைந்தால் அளவு சரி. சூட்டைப் பார்க்காமல் குத்துமதிப்பாக ஊற்றினால் அளவு கூடும் அல்லது குறையும். உங்கள் ஒர்க்‌ஷாப்பில் அந்த லேப்டாப் இல்லை என்றால் இந்த வேலையை அங்கே கொடுக்காதீர்கள். மாற்றிய பிறகு இரண்டாவது கியரிலிருந்து ஒன்றுக்கு இறங்கும்போது இருந்த லேசான வெட்டு போய்விட்டது.

பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள், வண்டி ஷெட்டிலேயே நின்றாலும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம். டாட் 4 தரத்தில் புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடலாம். குன்னூரிலிருந்து பர்லியாறு வழியாக மேட்டுப்பாளையம் இறங்குகிறவர்களுக்கு இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை. கூலன்ட்டுக்கும் இதே மாதிரிக் கண்டிப்பு உண்டு: அதே குழுமத் தரத்தில் உள்ளதும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், சிறுவாணித் தண்ணீரே ஆனாலும் வேண்டாம்.

வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டுக்கு ஜெர்மனியில் 2,10,000 கி.மீ. வரை சொல்கிறார்கள். நான் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியபோதே அதையும் மாற்றிவிட்டேன், டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து. பம்ப்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான், பம்ப் பேரிங் பிடித்துக்கொண்டால் பெல்ட்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அப்புறம் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான். அந்த வருடம் இரண்டுக்கும் சேர்த்து அரை லட்சத்துக்கு மேல் ஆனது. மற்ற வருடங்களில் சாதாரண சர்வீஸ் பதினைந்தாயிரத்தைச் சுற்றித்தான் வருகிறது.

இப்போது அந்த இரண்டாவது பாதி, புத்தகத்தில் இல்லாததற்குக் காசு கொடுக்காமல் இருப்பது. எந்த பிராண்டின் சர்வீஸ் சென்டராக இருந்தாலும் வண்டியை விட்டதும் ஒரு பட்டியல் நீட்டுவார்கள்: எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி டிஸ்இன்ஃபெக்‌ஷன், அண்டர்பாடி கோட்டிங், வீல் டிரஸ்ஸிங் என்று ஒன்று. "இது புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்பேன். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கேபின் ஃபில்டரை நானே வாங்கி நானே மாட்டிக்கொள்கிறேன், கிளவ் பாக்ஸுக்குக் கீழே குனிந்தால் பத்து நிமிட வேலை.

தேய்மானச் சாமான்கள் தனிக் கதை. முன்பக்க சஸ்பென்ஷன் புஷ் ஒரு செட் போட்டாயிற்று, பேட்டரி மாற்றியாயிற்று, டயர் எல்லா வண்டிக்கும் உள்ளதுதான். இவற்றை ஐரோப்பியக் காரின் குற்றமாக நான் எழுதமாட்டேன், நம் ஸ்பீடு பிரேக்கர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

இதே வண்டியை செகண்ட் ஹாண்டாகப் பார்க்கிறவர்கள் பெயின்ட், டச் ஸ்கிரீன் எல்லாம் அப்புறம் பாருங்கள். முதலில் 60,000-இலும் 1,20,000-இலும் டிஎஸ்ஜி ஆயில் மாற்றிய பில்லைக் கேளுங்கள். "மாற்றியாச்சு, பில் எங்கேயோ போயிடுச்சு" என்றால் மாற்றவில்லை என்றே வைத்து அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள், பெல்ட் பில்லும் இல்லை என்றால் அதையும் சேர்த்துக் கழியுங்கள்.