மேக்கன் மாவட்டத்தின் இலவச மருத்துவச் சேவை (1932–1972): ஒரு மதிப்பீடு

ஒரு சேவை என்ன சொல்லி மக்களை அழைத்தது, வந்தவர்களுக்கு என்ன கொடுத்தது என்ற இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அதன் தரம் தெரிந்துவிடும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கீகி நகரை உள்ளடக்கிய மேக்கன் மாவட்டத்தில், அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை 40 ஆண்டுகள் நடத்திய மருத்துவச் சேவை இந்த அளவுகோலில் அடிமட்டத்தில் நிற்கிறது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் 600 கறுப்பின ஆண்கள். பெரும்பாலோர் ஏழைக் குத்தகை விவசாயிகள். அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் எனும் பால்வினை நோய் இருந்தது. 201 பேருக்கு இல்லை. "கெட்ட ரத்தத்துக்கு" இலவச வைத்தியம் என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்ட செய்தி. சிகிச்சையின்றி விடப்பட்டால் அந்த நோய் உடலை எப்படியெல்லாம் அழிக்கும் என்பதைச் சாகும்வரை கவனித்துக் குறித்துக்கொள்வதே உண்மையான நோக்கம் என்பது சொல்லப்படவில்லை.

உபசரிப்பில் மட்டும் குறை காண முடியாது. பரிசோதனை நாளில் அழைத்துச் செல்லக் கார் வந்தது. சூடான சாப்பாடு கிடைத்தது. யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பினச் செவிலியர் அக்குடும்பங்களின் நம்பிக்கையைப் பெற்று, திட்டத்தின் தொடக்கம் முதல் பல பத்தாண்டுகள் அவர்களோடு பழகினார். பிரேதப் பரிசோதனைக்குக் குடும்பத்தார் சம்மதித்தால் அடக்கச் செலவுக்கு 50 டாலர் தரப்பட்டது. அடக்கத்துக்கே வழியில்லாத வீட்டில் அந்தச் சம்மதத்தைச் சம்மதம் என்று கணக்கில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மருந்து என்று கொடுக்கப்பட்டவற்றில் ஆஸ்பிரினும் இரும்புச்சத்து டானிக்கும் இருந்தன. முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்கும் வலிமிகுந்த சோதனைக்கு ஆட்கள் வரத் தயங்குவார்கள் என்பதால், இது "சிறப்பு இலவசச் சிகிச்சைக்கான" கடைசி வாய்ப்பு, தவறவிடாதீர்கள் என்று கடிதம் அனுப்பினார்கள். அந்தச் சோதனையில் சிகிச்சை எதுவும் இல்லை.

1947 வாக்கில் பென்சிலின் இந்நோய்க்கான வழக்கமான மருந்தாகிவிட்டது. அதைத் தாங்கள் கொடுக்காமல் விட்டதோடு அதிகாரிகள் நிற்கவில்லை. பிறர் சிகிச்சை தருவதையும் தடுத்தார்கள். பென்சிலினுக்கு முன்பே, இரண்டாம் உலகப் போரின்போது, ராணுவத்துக்கு ஆளெடுக்கும் வாரியம், நோய் கண்ட இளைஞர்களைச் சிகிச்சை பெறும்படி கட்டளையிட்டபோது, இவர்களை மட்டும் விட்டுவிடுங்கள் என்று 256 பேரின் பட்டியலைத் துறை கொடுத்தது. ஏமாற்றிச் சேர்த்ததைவிட, தப்பிக்கும் வழியை அடைத்த இச்செயலையே நான் பெரிய குற்றமாகக் கருதுகிறேன். ஏனெனில், இதற்குப் பின்பு அறியாமையையோ காலத்தையோ சாக்குச் சொல்ல இடமில்லை. 1958-இல், 25 ஆண்டுப் பங்கேற்பைப் பாராட்டி, ஆண்டுக்கு ஒரு டாலர் வீதம் 25 டாலரும் ஒரு சான்றிதழும் தந்தார்கள்!

இத்தனையும் மறைவில் நடந்தது என்று எண்ண வேண்டாம். 1936 முதலே ஆய்வின் முடிவுகள் மருத்துவ இதழ்களில் வெளிவந்துகொண்டிருந்தன. ரகசியம் காக்கப்பட்டது சம்பந்தப்பட்டவர்களிடம் மட்டும்தான்.

புகார்களைக் கையாண்ட விதமும் இதற்குக் குறைந்ததல்ல. அத்தகைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு 1965-இல் இர்வின் ஷாட்ஸ் என்ற மருத்துவர் எழுதிய கண்டனக் கடிதத்துக்குப் பதிலே போகவில்லை. அதே துறையில் பணியாற்றிய பீட்டர் பக்ஸ்டன் 1966-இல் எதிர்ப்புத் தெரிவித்தார். 1969-இல் கூடிய நிபுணர் குழு ஆய்வைத் தொடரலாம் என்றே முடிவு செய்தது. பக்ஸ்டன் தந்த தகவலைக் கொண்டு அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர் ஜீன் ஹெல்லர் 1972 ஜூலையில் செய்தி வெளியிட்ட பிறகே திட்டம் அவ்வாண்டு முடிவுக்கு வந்தது.

இழப்பீட்டுக்காக வழக்கறிஞர் ஃபிரெட் கிரே வழக்குத் தொடுத்தார். 1974-இல் ஒரு கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. நோயோடு உயிருடன் இருந்தவருக்கு 37,500 டாலர். நோயால் பாதிக்கப்பட்டு இறந்துபோனவரின் வாரிசுகளுக்கு 15,000 டாலர். பிணப் பரிசோதனைக்காகவே காத்திருந்த ஒரு திட்டத்தில் இறந்தவருக்குப் பாதிக்கும் குறைவாக விலை வைத்த நியாயம் எனக்குப் பிடிபடவில்லை. உயிர் பிழைத்தவர்களுக்கும், பின்னர் நோய் தொற்றிய மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் வாழ்நாள் மருத்துவ வசதி அளிக்கப்பட்டது. இந்த ஒன்றைத்தான் குறையின்றிப் பாராட்டலாம். மன்னிப்போ 1997 மே 16 அன்றுதான் அதிபர் கிளின்டன் வாயிலிருந்து வந்தது. அப்போது எஞ்சியிருந்தவர்கள் எட்டுப் பேர். அவர்களில் ஐவர் வெள்ளை மாளிகைக்கு நேரில் சென்று அதைக் கேட்டார்கள்.